கோடி ரூபாய் வினாடி வினா: இங்கிலாந்திலிருந்து மதுரை வரை

ஒரு கோடி ரூபாயைப் பெரும்பரிசாகக் கொண்டு தமிழ்த் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பான வினாடி வினா நிகழ்ச்சிகள் இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு நிகழ்ச்சியின் வடிவத்தைப் பின்பற்றியவை. சன் தொலைக்காட்சியின் 'கோடீஸ்வரன்', விஜய் தொலைக்காட்சியின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியின் 'கோடீஸ்வரி' ஆகியவை இவ்வரிசையில் அடங்கும். இவற்றுள் பெண்கள் மட்டுமே போட்டியிட்ட 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில், மதுரையைச் சேர்ந்த செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத கௌசல்யா கார்த்திகா 2020 ஜனவரியில் ஒரு கோடி ரூபாய் வென்றார். குரலையும் இசையையும் நம்பி உருவாக்கப்பட்ட ஒரு விளையாட்டை, அவற்றைக் கேட்கவே இயலாத ஒருவர் வென்றது இந்நிகழ்ச்சியின் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது.

கேள்வியும் பொற்கிழியும்

அறிவைச் சோதித்துப் பொருள் வழங்கும் வழக்கம் மதுரைக்குப் புதியதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் உள்ளது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற ஐயம் பாண்டிய மன்னனுக்கு எழுகிறது. ஐயம் தீர்ப்பவருக்குப் பொற்கிழி பரிசு என்று சங்க மண்டபத்தில் கட்டித் தொங்கவிடச் செய்கிறான். ஏழை அர்ச்சகனான தருமி இறைவன் எழுதித் தந்த பாடலுடன் அவைக்கு வருகிறான். நக்கீரர் அப்பாடலில் குற்றம் காண்கிறார். கதையின் மீதி தமிழர் அனைவரும் அறிந்ததே.

1965-ஆம் ஆண்டு ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் இக்கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. நாகேஷ் தருமியாகவும் சிவாஜி கணேசன் சிவபெருமானாகவும் நடித்த காட்சியில், தருமி கேள்விகளை அடுக்க, இறைவன் நொடியில் விடை சொல்கிறார். தமிழ்த் திரையில் வந்த மிகப் புகழ்பெற்ற வினாடி வினா அதுவே என்றால் மிகையாகாது.

பழைய பொற்கிழிக்கும் இக்காலப் பெரும்பரிசுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சங்க மண்டபத்தில் விடை சரியா என்பதைப் புலவர் அவை தீர்மானித்தது. அதை எதிர்த்து வாதாடவும் இடம் இருந்தது. தொலைக்காட்சி வினாடி வினாவில் விடை முன்பே முடிவு செய்யப்பட்டுக் கணினியில் வைக்கப்பட்டிருக்கும். நான்கில் ஒன்று மட்டும் சரி. மற்ற மூன்றும் தவறு. இந்த எளிமைதான் அந்நிகழ்ச்சியை எந்த நாட்டுக்கும் எந்த மொழிக்கும் எளிதில் கொண்டுசெல்ல உதவியது.

மூல நிகழ்ச்சியின் தோற்றம்

டேவிட் பிரிக்ஸ், மைக் வைட்ஹில், ஸ்டீவன் நைட் ஆகிய மூவர் இந்த வடிவத்தை உருவாக்கினர். முதலில் இதற்கு 'பணமலை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கருதப்பட்டது. பிறகு 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' என்ற பெயருடன், செலடோர் நிறுவனத்தின் தயாரிப்பில், 1998 செப்டம்பர் 4 அன்று ஐ.டி.வி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கிறிஸ் டாரண்ட் தொகுத்து வழங்கினார். முதன்முதலாக அங்கு பத்து லட்சம் பவுண்டு வென்றவர் ஜூடித் கெப்பல் என்ற பெண்மணி. அவர் வென்ற நாள் 2000 நவம்பர் 20.

அதுவரை வினாடி வினா என்றால் விரைவு முக்கியம். மணி அடிப்பதற்குள் விடை சொல்ல வேண்டும். இந்நிகழ்ச்சி அதை மாற்றியது. தொடக்கத்தில் முதன்மைச் சுற்றில் நேர வரம்பே கிடையாது. போட்டியாளர் யோசிக்கலாம், தயங்கலாம், உரக்கச் சிந்திக்கலாம். விடை சொன்ன பிறகும் அது உறுதியான விடைதானா என்று தொகுப்பாளர் மீண்டும் கேட்பார். பார்ப்பவர்கள் அந்தத் தயக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

இந்த அழுத்தத்தைக் கூட்டுவதில் ஒலிக்குப் பெரும் பங்கு உண்டு. கீத் ஸ்ட்ராக்கன், அவர் மகன் மேத்யூ ஸ்ட்ராக்கன் ஆகியோர் இசையமைத்தனர். கேள்விகள் ஏறும்போது பின்னணி இசையின் சுருதியும் அரைச் சுரமாக ஏறிக்கொண்டே போகும். நெஞ்சு படபடப்பது போன்ற அந்த ஒலி, விளக்குகள் மங்கும் விதம், தொகுப்பாளர் இடைவெளி விட்டுப் பேசும் முறை ஆகிய அனைத்தும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. பிற நாட்டுத் தயாரிப்பாளர்கள் உரிமம் பெற்றபோது கேள்விகளோடு நில்லாமல், அரங்கின் அமைப்பு, இசை, ஒளி, இருக்கை என எல்லாவற்றையும் ஒரே அச்சில் பின்பற்ற வேண்டியிருந்தது.

ஆட்டத்தின் அமைப்பும் கணக்கும்

ஆட்டம் இரு பகுதிகளைக் கொண்டது. முதலில் பலர் ஒரே கேள்விக்கு விரைவாக விடையளிக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு பொருள்களைச் சரியான வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். அதில் முந்துபவர் தொகுப்பாளருக்கு எதிரே உள்ள இருக்கையில் அமர்வார். 'ஹாட் சீட்' என்று தமிழிலும் அதே பெயரால் அது அழைக்கப்படுகிறது. பிறகு 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பார்வையாளர் கருத்தைக் கேட்பது, நண்பருடன் தொலைபேசியில் பேசுவது, இரண்டு தவறான விடைகளை நீக்கச் சொல்வது ஆகிய மூன்றும் 'லைஃப்லைன்' எனப்படும் உதவி வாய்ப்புகள்.

இங்கிலாந்துப் பரிசுப் படிநிலை 100 பவுண்டில் தொடங்கி 1,000, 32,000 என்று ஏறி 10 லட்சம் பவுண்டில் முடிந்தது. இந்தியாவில் இது 1,000 ரூபாயில் தொடங்கி 10,000, 3,20,000 என்று ஏறி ஒரு கோடியில் முடிந்தது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இங்கிலாந்துத் தொகையைப் பத்தால் பெருக்கி ரூபாய் என்று எழுதியிருப்பது தெரியும். மில்லியன் என்ற சொல் அங்கு ஏற்படுத்திய மயக்கத்தை இங்கு கோடி என்ற சொல் ஏற்படுத்தியது. இலட்சாதிபதியைவிடக் கோடீஸ்வரன் என்ற சொல்லே தமிழர் கனவில் செல்வத்தின் எல்லையாக இருந்தது.

ஐந்தாவது கேள்வியும் பத்தாவது கேள்வியும் பாதுகாப்புப் படிகள். அவற்றைத் தாண்டியவர் பின்னர் தவறினாலும் அந்தப் படியின் தொகை நிச்சயம். விடை தெரியாதவர் விலகிக்கொண்டு கைவசமுள்ள தொகையைப் பெற்றுச் செல்லலாம்.

மாணவர்கள் இதை நிகழ்தகவுப் பாடமாகவே பயன்படுத்தலாம். எதுவும் தெரியாமல், உதவிகள் எதையும் பயன்படுத்தாமல், 15 கேள்விகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்லி வெல்லும் வாய்ப்பு நான்கின் 15-ஆம் அடுக்கில் ஒரு பங்கு. அதாவது 107,37,41,824-இல் ஒன்று. ஏறத்தாழ 107 கோடியில் ஒன்று. ஆகவே அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி எவரும் ஒரு கோடியை எட்டுவதில்லை.

கடைசிக் கேள்வியின் கணக்கு இன்னும் சுவையானது. அங்கு நிற்பவரிடம் 50 லட்சம் ரூபாய் இருக்கிறது. சரியானால் ஒரு கோடி. தவறினால் 3,20,000 மட்டுமே. வெறும் ஊகமாக விடை சொன்னால் எதிர்பார்ப்பு மதிப்பு 27,40,000 ரூபாய். கையிலிருக்கும் 50 லட்சத்தைவிட மிகக் குறைவு. தன் விடை சரியாக இருக்க ஏறத்தாழ 48 விழுக்காடாவது வாய்ப்பு உண்டு என்று நம்புபவர் மட்டுமே ஆடுவது கணக்குப்படி சரி. ஆனால் 50 லட்சத்தை இழக்கத் துணியாத நடுத்தரக் குடும்பத்தவர், 70 விழுக்காடு உறுதியாக இருந்தாலும் விலகிவிடக்கூடும். அறிவோடு மனத்துணிவையும் ஆட்டம் சோதிப்பது இங்குதான்.

ஜெர்மனியிலும் உலகிலும்

ஜெர்மனிய வடிவமான 'வேர் விர்ட் மில்லியோனேர்' 1999 செப்டம்பர் 3 அன்று ஆர்.டி.எல். தொலைக்காட்சியில் தொடங்கியது. தொடக்கம் முதல் அதன் முகமாக இருந்துவருபவர் இதழியலாளரான குந்தர் யௌக். 2000 டிசம்பரில் முதன்முதலாகப் பெரும்பரிசை வென்ற எக்ஹார்ட் ஃபிரைசே ஒரு வரலாற்றுப் பேராசிரியர். ஐரோப்பாவில் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்ததும், 2002-இல் பெரும்பரிசு பத்து லட்சம் மார்க்கிலிருந்து பத்து லட்சம் யூரோவாக மாறியது. ஒரு யூரோ ஏறத்தாழ இரண்டு மார்க்குக்குச் சமம் என்பதால் பரிசின் மதிப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. 2007-இல் அங்கு ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது: போட்டியாளர் விரும்பினால் நான்காவது உதவியைப் பெறலாம், அதற்கு ஈடாக இரண்டாம் பாதுகாப்புப் படியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1999 ஆகஸ்டில் ரீஜிஸ் ஃபில்பின் தொகுப்பில் இது தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஜான் கார்ப்பெண்டர் பத்து லட்சம் டாலர் வென்றார். இங்கிலாந்தில் 2001-இல் பெரும்பரிசை வென்றதாக அறிவிக்கப்பட்ட ராணுவ அதிகாரி சார்லஸ் இங்க்ராம், அரங்கில் இருந்தவர்களின் இருமலைக் குறிப்பாகக் கொண்டு விடையைத் தேர்ந்தார் என்ற வழக்கில் 2003-இல் தண்டனை பெற்றார். அவருக்குப் பரிசு வழங்கப்படவில்லை. ஒரு சிறு ஒலியே இவ்விளையாட்டில் எவ்வளவு பொருள் தரக்கூடும் என்பதற்கு அவ்வழக்கு சான்று.

இந்தியாவுக்கு வருகை

இந்தியாவில் 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் 'கௌன் பனேகா குரோர்பதி' இந்தியில் தொடங்கியது. 1980-களில் தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' என்ற ஆங்கில வினாடி வினாவை நடத்திப் புகழ்பெற்ற சித்தார்த்த பாசு இதன் தயாரிப்புக்குப் பொறுப்பேற்றார். அமிதாப் பச்சன் முதன்முறையாகச் சின்னத்திரைக்கு வந்தார். 2000-ஆம் ஆண்டிலேயே ஹர்ஷ்வர்தன் நவாத்தே முதல் கோடீஸ்வரரானார்.

அதற்கு முன் இந்தியாவில் புகழ்பெற்றிருந்த வினாடி வினாக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கல்லூரி அணிகளுக்காகவும் நகரப் பள்ளிகளுக்காகவும் நடந்தன. ஆங்கிலம் தெரியாதவர் பார்வையாளராகக்கூட எளிதில் இருக்க முடியவில்லை. மக்கள் பேசும் மொழியில், அணி இல்லாமல், கல்விச் சான்றிதழ் கேட்காமல் நடந்த போட்டி என்பதே இந்தியாவில் இந்நிகழ்ச்சி ஏற்படுத்திய மாற்றம். 2011-இல் பீகார் மாநிலம் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில்குமார் ஐந்து கோடி ரூபாய் வென்றது இதன் உச்சம்.

பெண்களைப் பொறுத்தவரை வளர்ச்சி மெதுவாகவே நடந்தது. இந்தி நிகழ்ச்சி தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து, 2010-இல்தான் ரஹத் தஸ்லீம் ஒரு கோடி வென்ற முதல் பெண்ணானார். பின்னர் சன்மீத் கௌர் ஐந்து கோடி வென்ற முதல் பெண்ணானார்.

இந்த வடிவத்தின் உரிமை 2006-இல் செலடோரிடமிருந்து நெதர்லாந்தின் டூவேடிராஃபிக் நிறுவனத்துக்கும், 2008-இல் அந்நிறுவனத்தை வாங்கிய சோனி குழுமத்துக்கும் மாறியது. அதே 2008-இல் வெளியான 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படம், இந்தியத் தூதரக அதிகாரி விகாஸ் ஸ்வரூப் 2005-இல் எழுதிய ஆங்கில நாவலைத் தழுவியது. மும்பைக் குடிசைப்பகுதி இளைஞன் ஒருவன் இந்த இருக்கையில் அமர்வதே அதன் கதை. அப்படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் 2009-இல் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார்.

தமிழில் முதல் முயற்சி

இந்தி நிகழ்ச்சியின் வெற்றியைத் தொடர்ந்து, சன் தொலைக்காட்சியில் சரத்குமார் தொகுத்து வழங்கிய 'கோடீஸ்வரன்' ஒளிபரப்பானது. 1993-இல் தொடங்கப்பட்ட சன் தொலைக்காட்சி அப்போது தமிழ் வீடுகளில் முதலிடம் பெற்றிருந்தது.

மதுரை வட்டாரத்தில் தொலைக்காட்சியின் வளர்ச்சி தனிக்கதை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கினாலும், தென்மாவட்டங்களுக்கு அது எட்டவில்லை. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் அமைந்த பிறகே வைகைச் சமவெளியின் ஊர்களில் கூரை மேல் ஆன்டெனாக்கள் தோன்றின. அந்நாளில் ஊராட்சி மன்றப் பெட்டியையோ அண்டை வீட்டுப் பெட்டியையோ சுற்றி அமர்ந்து பார்ப்பதே வழக்கம். 1990-களில் கேபிள் வந்தது. 2006-இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பகுதிச் சிற்றூர்களிலும் ஏழை வீடுகளுக்குப் பெட்டிகள் சென்றன. அடுத்து வந்த கோடி ரூபாய் நிகழ்ச்சிக்கு இவ்வாறு முன்னைவிடப் பரந்த பார்வையாளர் கூட்டம் காத்திருந்தது.

நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி

2012 பிப்ரவரி 27 அன்று விஜய் தொலைக்காட்சியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' தொடங்கியது. நடிகர் சூர்யா முதல் பருவத்தைத் தொகுத்து வழங்கினார். 2013-இல் இரண்டாம் பருவத்தைப் பிரகாஷ்ராஜும், 2016-இல் மூன்றாம் பருவத்தை அரவிந்த் சாமியும் வழங்கினர்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2011-இல் வங்காளத்தில் சௌரவ் கங்குலியும், போஜ்புரியில் சத்ருகன் சின்காவும் தொகுத்தனர். 2012-இல் மலையாளத்தில் சுரேஷ் கோபியும் கன்னடத்தில் புனித் ராஜ்குமாரும், 2014-இல் தெலுங்கில் நாகார்ஜுனாவும் அந்தந்த மொழி வடிவங்களை வழங்கினர். அரங்கும் இசையும் எங்கும் ஒன்றாக இருந்தன. மொழியும் தொகுப்பாளரும் கேள்விகளும் மட்டும் மாறின. திரைநட்சத்திரத்தின் எதிரே அமர்ந்து பேசும் வாய்ப்பே பலருக்குப் பரிசுக்கு இணையாக இருந்தது.

தமிழ் வடிவத்தின் தொடக்கக் கேள்விகள் பழமொழி, சமையல், திரைப்பாடல், உறவுமுறை போன்ற அன்றாடச் செய்திகளிலிருந்து வந்தன. மேலே செல்லச் செல்ல வரலாறு, அறிவியல், இலக்கியம், உலகச் செய்திகள் இடம்பெற்றன. வீட்டில் இருப்போர் போட்டியாளருக்கு முன்பே விடை சொல்ல முயல்வதும், பாட்டி சொன்ன விடை சரியாகிவிட்டால் பேரப்பிள்ளைகள் வியப்பதும் அக்காலக் காட்சிகள். பள்ளிகளில் ஆண்டுவிழாவில் இதே பாணியில் வினாடி வினா நடத்துவது பரவியது.

இதே காலத்தில் வேறு வெளிநாட்டு வடிவங்களும் தமிழுக்கு வந்தன. சன் தொலைக்காட்சியில் ரிஷி வழங்கிய 'டீலா நோ டீலா' நெதர்லாந்தில் தோன்றிய விளையாட்டைத் தழுவியது. அவரே வழங்கிய 'கையில் ஒரு கோடி' இங்கிலாந்து வடிவம். 2017-இல் வந்த 'பிக் பாஸ்' நிகழ்ச்சியின் மூலமும் நெதர்லாந்தே. ஆனால் முந்தைய இரண்டில் முதலாவதற்கு அறிவு தேவையில்லை. 'பிக் பாஸ்' வினாடி வினாவே அன்று. படித்ததும் கேட்டதும் பரிசாகும் என்ற நம்பிக்கையைத் தந்தது கோடி ரூபாய்க் கேள்விதான்.

கோடீஸ்வரி

2018-இல் தொடங்கப்பட்ட கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சி, 2019 டிசம்பர் 23 முதல் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. போட்டியாளர் அனைவரும் பெண்கள். உலகில் இவ்வடிவம் பெண்களுக்கு மட்டுமென அமைவது இதுவே முதன்முறை என்று தொலைக்காட்சி நிறுவனம் அறிவித்தது. தொகுப்பாளர் ராதிகா சரத்குமார். தமிழின் முதல் கோடி ரூபாய் வினாடி வினாவைக் கணவரும், பெண்களுக்கான வடிவத்தை மனைவியும் வழங்கியது ஒரு தற்செயல் ஒற்றுமை.

பெண்களுக்கெனத் தனி மேடை தேவையா என்ற கேள்வி எழலாம். பொது அறிவில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆனால் போட்டிக்கு வர வீட்டில் இசைவு வேண்டும். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். பலர் முன் தவறிவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் போக வேண்டும். இந்தியில் முதல் பெண் கோடீஸ்வரி உருவாகப் பத்து ஆண்டுகள் ஆயின என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். இல்லத்தரசிகள், வேலைக்குச் செல்வோர், போட்டித் தேர்வுக்குப் படிப்போர் எனப் பலதரப்பட்ட பெண்கள் வந்து அமர்ந்தபோது, அவர்கள் கதைகளும் விடைகளுக்கு இணையாகப் பேசப்பட்டன.

மதுரையின் வெற்றி

கௌசல்யா கார்த்திகா பிறவியிலேயே செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். உயர்கல்வி கற்று, மதுரையில் நீதிமன்ற ஊழியராகப் பணியாற்றிவந்தவர். 2020 ஜனவரியில் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் 15 கேள்விகளையும் கடந்து ஒரு கோடி ரூபாய் வென்றார்.

இவ்வெற்றியின் பொருளை உணர, ஆட்டத்தின் அமைப்பை மீண்டும் நினைவுகூர வேண்டும். தொகுப்பாளர் பேசுவார், போட்டியாளர் உரக்கச் சிந்திப்பார், நண்பரிடம் தொலைபேசியில் கேட்பார், இசை சுருதி ஏறும். இவை அனைத்தும் கேட்கும் திறனையும் பேசும் திறனையும் இயல்பாக எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்த ஆட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கேள்வியும் நான்கு விடைகளும் எழுத்தாகத் திரையில் நிற்கின்றன. விடை என்பது நான்கு எழுத்துகளில் ஒன்றைக் குறிப்பிடுவது மட்டுமே. ஒலியையெல்லாம் நீக்கிவிட்டால் எஞ்சுவது படித்தலும் நினைவும் தீர்மானமும்தான். அந்த மூன்றிலும் அவருக்குக் குறை எதுவும் இல்லை என்பதை 15 கேள்விகள் காட்டின.

செவித்திறன் இல்லாதவர்களுக்குப் பொது அறிவு எவ்வளவு கடினமாகக் கிடைக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பெறும் பொது அறிவில் பெரும்பங்கு காதுவழி வருவது. பேருந்தில் பேசிக்கொள்வது, தேநீர்க் கடையில் செய்தி கேட்பது, வகுப்பில் ஆசிரியர் பாடத்துக்கு வெளியே சொல்லும் கதை, மேடைப் பேச்சு, வானொலி என்று தெரியாமலேயே சேரும் செல்வம் அது. பட்டிமன்றமும் கோயில் கதாகாலட்சேபமும் தேர்தல் ஒலிபெருக்கியும் நிறைந்த மதுரை போன்ற ஊரில் இது இன்னும் உண்மை. காது கேளாத குழந்தைக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு செய்தியையும் எழுத்திலிருந்தும், சைகையிலிருந்தும், பிறர் உதட்டசைவிலிருந்தும் முயன்று பெற வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு வேலைகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்தது. சட்டம் வாயிலைத் திறக்கிறது. உள்ளே வருபவரால் முடியும் என்று சமூகம் நம்புவதற்குக் கண்ணால் காணும் சான்றுகள் வேண்டும். மதுரைப் பெண்ணின் வெற்றி அத்தகைய சான்றாயிற்று. தான் படித்த சிறப்புப் பள்ளிக்கு உதவ விரும்புவதாக அவர் தெரிவித்ததும் செய்தியாக வெளிவந்தது.

பரிசும் வரியும்

ஒரு கோடி வென்றவர் கைக்கு ஒரு கோடி வருவதில்லை. போட்டிகளிலும் பரிசுச்சீட்டுகளிலும் வெல்லும் தொகைக்கு வருமான வரிச் சட்டத்தின்படி 30 விழுக்காடு வரி உண்டு. தொகை பெரிதானால் கூடுதல் வரியும், அதன்மேல் மேல்வரியும் சேரும். சம்பள வருமானத்துக்குக் கிடைக்கும் அடிப்படை விலக்கும் சேமிப்புக் கழிவுகளும் இதற்குப் பொருந்தா. பரிசு வழங்கும் நிறுவனமே வரியைப் பிடித்தம் செய்துவிடும். ஆகவே வென்றவர் பெறுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே.

விமர்சனங்கள்

இந்நிகழ்ச்சிகள் மீது எழுந்த முதல் விமர்சனம் தேர்வு முறை பற்றியது. லட்சக்கணக்கானோர் குறுஞ்செய்தி அனுப்பிப் பங்கேற்க முயல்வதால், அந்தக் கட்டணமே பெரும் வருவாயாகிவிடுகிறது என்று நுகர்வோர் அமைப்புகள் கூறின. 2007-இல் இந்தி நிகழ்ச்சியுடன் இணைத்து நேயர்களுக்காக நடத்தப்பட்ட குறுஞ்செய்திப் போட்டி குறித்த வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் நிகழ்ச்சியாளர்களுக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போதிய சான்று இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை நீக்கியது.

இரண்டாவது, தனித்தனிச் செய்திகளை மனப்பாடம் செய்வதையே அறிவு என்று இது காட்டுகிறது என்பது. இது ஓரளவு உண்மை. ஒரு போர் எந்த ஆண்டில் நடந்தது என்று நான்கு விடைகளில் தேர்ந்தெடுக்கலாம். ஏன் நடந்தது என்பதை அவ்வாறு தேர்ந்தெடுக்க முடியாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகள் பலவற்றிலும் இதே கொள்குறி வினா முறைதான். ஆனால் தேர்வாளர்கள் செய்தித்தாளையும் பாடநூலையும் மீண்டும் புரட்ட இத்தகைய நிகழ்ச்சிகள் தூண்டுகோலாயின என்பதையும் மறுக்க இயலாது.

மூன்றாவது, நிகழ்ச்சியின் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் மோசடி. பெரும்பரிசு விழுந்திருப்பதாகக் கைப்பேசியில் செய்தி அனுப்பி, வரிக்கு முன்பணம் கட்டச் சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் குறித்துக் காவல்துறை பலமுறை எச்சரித்துள்ளது. மேலே கூறியபடி வரி பரிசிலிருந்தே பிடிக்கப்படும்; வென்றவர் முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டிய தேவையே இல்லை. போட்டியில் பங்கேற்காதவருக்குப் பரிசு விழுவதும் இல்லை. இந்த ஒரு செய்தியை வீட்டிலுள்ள முதியவர்களுக்கு எடுத்துச் சொல்வது பயன்தரும்.

மதிப்பீடு

ஒரு வெளிநாட்டு வடிவம் உரிமத்துடன் வரும்போது அரங்கும் இசையும் விதிகளும் மாறாமல் வருகின்றன. அதை உள்ளூருக்கு உரியதாக்குபவை கேள்வியின் மொழியும் இருக்கையில் அமரும் மனிதர்களும்தான். இங்கிலாந்தில் அமைந்த விதிகளின்படி, தமிழில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடையளித்து மதுரைப் பெண் ஒருவர் வென்றார். ஒலியால் அச்சுறுத்தும் அந்த அரங்கில் அவர் நம்பியது எழுத்தை. பள்ளியில் எழுத்தறிவித்த ஆசிரியர்களுக்கும், எழுத்து வழியாக மட்டுமே உலகை அறியும் மாணவர்களுக்கும் அவ்வெற்றியில் பங்குண்டு.